திருகு சொல்லும் அளவு

லேத்தில் 25 மி.மீ. தண்டு ஒன்றைக் கடைகிறார்கள். அதன்மேல் பேரிங் இறுக்கமாக உட்கார வேண்டும். இதற்கு வழக்கமாக எடுக்கும் கே6 பொருத்தத்தின்படி, விட்டம் 25.002க்கும் 25.015க்கும் இடையில் இருந்தாக வேண்டும். 13 மைக்ரான்தான் சலுகை. தலைமுடித் தடிமனில் கால்வாசிகூட வராது. வெர்னியர் காலிப்பர் பெரும்பாலும் 0.02 மி.மீ.யோடு நின்றுவிடும். மைக்ரோமீட்டரைத்தான் எடுக்க வேண்டும்.

அதன் சூட்சுமமெல்லாம் ஒரு திருகில் இருக்கிறது. ஒரு முழுச் சுற்றுக்கு, பொருளைத் தொடும் ஸ்பிண்டில் அரை மி.மீ. நகரும். சுற்றுகிற திம்பிளின் விளிம்பில் 50 கோடுகள். ஆக ஒரு கோடு 0.01 மி.மீ. அசையாத ஸ்லீவில் 12.5 தெரிந்து, திம்பிளில் 28ஆம் கோடு நேராக நின்றால் அளவு 12.78. நம் தண்டுக்கு இதுவும் போதாது. ஸ்லீவிலேயே வெர்னியர் கோடுகள் போட்டு 0.001 வரை காட்டும் வகை வேண்டும்.

திருகை வைத்து நுட்பமாக அளக்கும் யோசனை 17ஆம் நூற்றாண்டிலேயே தொலைநோக்கியில் இருந்தது. அதைக் கையடக்கக் கருவியாக்கி 1848இல் காப்புரிமை பெற்றவர் பிரான்சின் ழான் லோரான் பால்மர். 1867 பாரிஸ் கண்காட்சியில் அதைப் பார்த்த அமெரிக்காவின் பிரவுன் அண்ட் ஷார்ப் நிறுவனத்தார் தங்கள் ஊரிலும் தயாரிக்கத் தொடங்கினார்கள்.

கருவி எவ்வளவு நல்லதானாலும் கை கெடுத்துவிடும். திம்பிளைப் பிடித்து முறுக்கினால் ஆளுக்கொரு அளவு வரும். அதனால்தான் நுனியில் ராட்செட். குறிப்பிட்ட அழுத்தம் வந்ததும் அது ‘டிக் டிக்’ என்று வழுக்கிவிடும். அதற்குமேல் இறுக்க முடியாது. அவசரத்துக்கு மைக்ரோமீட்டரையே சி-கிளாம்ப்பாகப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. அவர்கள் கையில் அதைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

அடுத்த எதிரி சூடு. லேத்திலிருந்து அப்போதுதான் கழற்றிய தண்டு, கருவியைவிட 30 டிகிரி செல்சியஸ் சூடாக இருக்கிறது என்று வையுங்கள். 25 மி.மீ. எஃகு அந்தச் சூட்டில் 8, 9 மைக்ரான் விரிந்திருக்கும். 25.008 என்று படித்துத் தேர்ச்சி கொடுத்துவிடுவோம். ஆறியதும் அது 25க்கும் கீழே இறங்கி, பேரிங் லூசாகிவிடக்கூடும். தண்டும் கருவியும் ஒரே வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். உள்ளங்கைச் சூடும் ஏறக்கூடாது என்றுதான் பல மைக்ரோமீட்டர்களின் வளைவில் பிளாஸ்டிக் தகடு பதித்திருக்கிறார்கள்.

வேலை தொடங்குமுன் அளக்கும் இரு முகங்களையும் துடைத்து, பூஜ்யம் சரியாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். முடிந்ததும் முகங்கள் ஒட்டாமல் சிறு இடைவெளி விட்டுப் பெட்டியில் வைக்க வேண்டும். ஒட்டிக் கிடந்தால் இடையில் ஈரம் தங்கித் துரு பிடிக்கும்.