உழவர் உருவாக்கும் கருவிகள்: காட்டுமுன் காப்புரிமை கோருங்கள்

உழவு மாடு இல்லை. டிராக்டர் வாங்க வசதியும் இல்லை. குஜராத் மாநிலம் அம்ரேலி மாவட்ட உழவர் மன்சுக்பாய் ஜகானி, புல்லட் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, இரு சக்கரங்களையும் உழவுக் கருவிகளையும் பொருத்தினார். உழவு, விதைப்பு, களையெடுப்பு ஆகிய மூன்றும் அதில் நடந்தன.

இத்தகையோரைத் தேடிக் கண்டறிய, அகமதாபாத் பேராசிரியர் அனில் குப்தா 1980-களின் இறுதியில் 'தேனீ வலையமைப்பை'த் தொடங்கினார். கண்டுபிடித்தவர் பெயரை மறைக்காமல் அவரது அறிவைப் பரப்புவதே இதன் கொள்கை. 1998 முதல் இவ்வமைப்பினர் நடைப்பயணமாகக் கிராமங்களுக்குச் சென்று புதுமைகளைத் திரட்டி வருகின்றனர். தமிழகத்தில் மதுரை 'சேவா' நிறுவனம் இப்பணியில் ஈடுபட்டுள்ளது. 2000-ல் மத்திய அரசின் உதவியுடன் தேசியப் புத்தாக்க நிறுவனம் ஏற்பட்டது. கருவியைச் சோதிக்கவும், மேம்படுத்தவும், காப்புரிமை பெறவும் இது உதவுகிறது, கண்காட்சிகளும் நடத்துகிறது.

கண்காட்சியில் கருவியை வைக்கும் உழவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்ணப்பிக்குமுன் பலரறியக் காட்டிய கருவி, 'புதியது' என்ற தகுதியை இழந்துவிடும். மத்திய அரசு இதற்கென அறிவிக்கை செய்த கண்காட்சியாயின், அது தொடங்கிய 12 மாதங்களுக்குள் விண்ணப்பிக்கலாம். மற்றவற்றுக்கு இச்சலுகை இல்லை.

கருவி முழுமை பெறாவிடினும் தற்காலிக விவரக்குறிப்புடன் விண்ணப்பித்துவிடலாம். 12 மாதங்களுக்குள் முழு விவரக்குறிப்பைத் தாக்கல் செய்தால் போதும். சாகுபடி முறைகளுக்குக் காப்புரிமை கிடையாது, கருவிகளுக்கு உண்டு. எனவே, முதலில் விண்ணப்பம், பிறகே கண்காட்சி என்பதை உழவர் பெருமக்கள் நினைவிற்கொள்வது நலம்.