மூக்கை மாற்றலாமா?



செஞ்சியில் ஒரு ஜும்ஆ தொழுகைக்குப் பின் ஒரு தகப்பனார் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், மகளுக்கு வயது பதினைந்து. மூக்கை ஆபரேஷன் செய்து அழகாக்க வேண்டும் என்று அழுகிறாள். மார்க்கத்தில் ஆகுமா?" என்றார். இக்கேள்வி நம் இல்லங்கள் எதிலும் எழக்கூடியது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

மூக்கைச் சீர்செய்யும் சிகிச்சை நம் நாட்டிற்குப் புதிதன்று. மைசூர்ப் போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டி, சிறைப்பட்டு மூக்கறுபட்ட கவாஸ்ஜீ என்பவருக்கு, நெற்றித் தோலைத் திருப்பிப் புனேயில் மூக்கு அமைத்த செய்தி 1794இல் லண்டன் பத்திரிகையொன்றில் வெளியானது. ஐரோப்பிய மருத்துவர்கள் அதன் பிறகே இம்முறையைக் கையாளலாயினர்.

அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பு, அர்ஃபஜா பின் அஸ்அத் (ரலி) அவர்கள் அறியாமைக் காலத்தில் குலாப் போரில் மூக்கை இழந்தார்கள். வெள்ளியால் மூக்குச் செய்து பொருத்தினார்கள். அது துர்நாற்றம் அடித்தது. தங்கத்தால் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் இது பதிவாகியுள்ளது. கவனியுங்கள்! தங்கம் ஆண்களுக்குத் தடுக்கப்பட்டது. ஆயினும் தேவை வந்தபோது அனுமதி கிடைத்தது. மறுபுறம், அழகுக்காகப் பற்களில் இடைவெளி உண்டாக்கும் பெண்கள் சபிக்கப்பட்டதை இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் நூல்களில் இருக்கிறது.

இவ்வடிப்படையிலேயே சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, 2007 ஜூலையில் மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடித் தீர்மானித்தது. பிளவுபட்ட உதடு, கடுமையாக வளைந்த மூக்கு, விபத்தின் சிதைவு ஆகியவற்றைச் சரிசெய்வது ஆகும். இயல்பான மூக்கை ஆசைக்காகவும் பிறரைப் போலாகவும் மாற்றுவது கூடாது.

மருத்துவமும் அவசரப்படச் சொல்லவில்லை. பெண் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 15, 16 வயது வரையிலும், ஆண் பிள்ளைகளுக்கு 17, 18 வரையிலும் மூக்கு வளர்கிறது. அதற்குமுன் எலும்பையும் குருத்தெலும்பையும் செதுக்கினால் வளர்ச்சி கோணலாகலாம். மறு ஆபரேஷனும் தேவைப்படலாம். முழு மயக்கத்தின் ஆபத்து வேறு. வீக்கம் முழுதும் வடிய ஓராண்டுகூட ஆகும். மேலும், செல்போனில் தன்னைத்தானே எடுக்கும் படம் பொய் சொல்கிறது! ஓரடித் தூரத்தில் எடுத்தால், ஐந்தடியில் எடுப்பதைவிட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று அமெரிக்க ஆய்வொன்று 2018இல் கணக்கிட்டுள்ளது.

அந்தத் தகப்பனாரிடம் நான் முதலில் கேட்டது, "மூச்சு விடச் சிரமப்படுகிறாளா?" என்பது. இரவில் வாயால்தான் மூச்சு விடுகிறாள் என்றார். அப்படியாயின் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். நடுத்தண்டு வளைந்து மூச்சை அடைப்பதாக அவர் கூறி, உரிய வயதில் சீர்செய்தால் அது சிகிச்சை, தாராளமாகச் செய்யலாம் என்றேன்.

அடுத்து, "மூக்கு சரியில்லை என்று அவளிடம் சொன்னது யார்?" என்றேன். சற்றுநேரம் பேசாதிருந்தார். "என் அக்காதான், ஹஜ்ரத். 'சப்பை மூக்கி' என்றே கூப்பிடுவார். பெண் கேட்டு யார் வருவார்கள் என்று அவள் எதிரிலேயே சொல்வார்" என்றார். பட்டப்பெயர் சூட்டிப் பரிகசிப்பதை ஹுஜுராத் அத்தியாயத்தில் அல்லாஹ் தடுத்திருப்பதை நாம் மிம்பரில் எத்தனை முறை ஓதியிருப்போம்! வீட்டுக்குள் அது நுழையவில்லை போலும்.

"அக்காவிடம் நான் எப்படிச் சொல்வேன்? மூத்தவராயிற்றே" என்றார். அஸருக்குப் பின் நானே வருகிறேன், அவரையும் வீட்டில் இருக்கச் சொல்லுங்கள் என்று கூறி அனுப்பினேன்.