மூட்டத்துக்குள் எரிவது என்ன?

"ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி தூசியை ஊடுருவிப் பார்க்குமே, பிறகு கேலக்சிகளின் நடுவில் இருப்பதைச் சொல்ல ஏன் இவ்வளவு தடுமாற்றம்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

ஊடுருவும், எல்லாத் தூசியையும் அல்ல. 1983-ல் ஐராஸ் செயற்கைக்கோள் அகச்சிவப்பில் வானத்தை அளந்தபோது, மங்கலாகத் தெரிந்த சில கேலக்சிகள் லட்சம் கோடி சூரியன்களின் ஆற்றலை உமிழ்வது புலப்பட்டது. அவற்றில் நமக்கு நெருக்கமானது ஆர்ப் 220. நெருக்கம் என்றால் 25 கோடி ஒளியாண்டு. அதன் மேற்கு மையத்தைப் போர்த்திய தூசி, மில்லிமீட்டர் அலைகளையே மறித்துவிடுகிறது.

முதுகுளத்தூர்ப் பக்கம் கருவேல விறகை அடுக்கி, மண் பூசிக் கரிமூட்டம் போடுவார்கள். தீ வெளியே தெரியாது. புகையின் நிறத்தை வைத்தே உள்ளே விறகு எந்தப் பதத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடும் பெரியவர்களைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். வானியலாளர்களும் வெளியேறும் வாயுவைத்தான் படிக்கிறார்கள். குளிர்ந்த ஹைட்ரஜன் மூலக்கூறு அநேகமாக ஒளிர்வதே இல்லை. அதனால் கூடவே இருக்கும் கார்பன் மோனாக்சைடின் அலையைப் பிடித்து, டாப்ளர் விலகலிலிருந்து வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். 2010-ல் மார்க்காரியன் 231 கேலக்சியிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 700 சூரியன்களின் நிறையுள்ள வாயு வெளியேறுவதாக மதிப்பிட்டார்கள். புது விண்மீன்களாக வேண்டிய சரக்கு அது.

என்னை விடாமல் பிடித்துக்கொண்டது என்.ஜி.சி. 1377 என்ற கேலக்சி. சுமார் 7 கோடி ஒளியாண்டு தொலைவு. கேலக்சி மையத்துக் கருந்துளையிலிருந்து பீறிடும் தாரை என்றால் கொதிக்கும் பிளாஸ்மா, பலமான ரேடியோ அலை என்றுதான் படித்திருக்கிறோம். இதிலோ ரேடியோ அலை மிகச் சொற்பம். ஸ்வீடனின் சூசன் ஆல்டோ குழுவினர் சிலியின் ஆல்மா தொலைநோக்கியால் பார்த்தபோது, குளிர்ந்த மூலக்கூறு வாயுவே மெல்லிய தாரையாகப் பீறிடுவது தெரிந்தது. தாரை நெடுக, நம்மை நோக்கி வரும் வாயுவும் விலகிப்போகும் வாயுவும் மாறிமாறி வருகின்றன. ஓயும் பம்பரம்போல் தாரையின் அச்சு தள்ளாடிச் சுழல்வதன் அடையாளம் இது என்பது அவர்கள் விளக்கம். நொடிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் வீசியெறியப்பட்டும் மூலக்கூறுகள் சிதையாமல் இருப்பது எப்படி? வழியில் குளிர்ந்து மறுபடி சேர்ந்தனவா? விவாதம் தீரவில்லை.

இந்த வாயுவைப் படிக்கத் தொலை அகச்சிவப்பு மிக அவசியம். அதில் பார்த்த ஹெர்ஷல் விண்தொலைநோக்கியைக் குளிர்வித்த ஹீலியம் 2013-ல் தீர்ந்தது. அதற்கு ஈடாக விண்ணில் இன்னொன்று ஏறவில்லை. வண்ணப் படங்களுக்குக் கிடைக்கும் ஆதரவு, இப்படி வாயுவைப் படிக்க உதவும் நிறமாலைக் கோடுகளுக்குக் கிடைப்பதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். 2024-ல் நாசா, பிரைமா என்ற தொலை அகச்சிவப்புத் திட்டத்தையும் ஓர் எக்ஸ்கதிர்த் திட்டத்தையும் இறுதிப் போட்டிக்குத் தேர்ந்தெடுத்தது. இரண்டும் தகுதியானவை. என் ஓட்டு பிரைமாவுக்கு.