யூயூஐடிஜென்

யூயூஐடிஜென் என்பது உலகளாவிய தனித்த அடையாளங்காட்டிகளை உருவாக்கும் ஒரு சிறிய கட்டளைவரி நிரல் ஆகும். லினக்ஸ் இயங்குதளங்களில் இது யூட்டில்-லினக்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருள் தொகுதியின் ஓர் உறுப்பாகக் கிடைக்கிறது. மாக் இயங்குதளத்திலும் இதே பெயரில் ஒரு நிரல் உண்டு. முனையத்தில் இதன் பெயரைத் தட்டச்சு செய்து இயக்கினால், ஒவ்வொரு முறையும் வேறுபட்ட ஓர் அடையாளம் திரையில் தோன்றும்.

தேவை

ஒரு பள்ளியில் அலுவலகம் ஒன்றே சேர்க்கை எண்களை வரிசையாக வழங்குவதால், இரு மாணவருக்கு ஒரே எண் அமைவதில்லை. ஆனால் இரு பள்ளிகளின் பதிவேடுகளை ஒன்றாக்கினால் எண்கள் மோதும். வலையமைப்பில் தனித்தனியே இயங்கும் கணினிகளுக்கும் இதே சிக்கல் உண்டு. எண் வழங்கும் பொது அலுவலகம் எதுவும் இல்லாமலே, ஒவ்வொரு கணினியும் தானாகத் தனித்த அடையாளங்களை உருவாக்க வழிசெய்வதே இம்முறையின் நோக்கமாகும்.

வரலாறு

இவ்வகை அடையாளங்கள் 1980களில் அப்போலோ கம்ப்யூட்டர் நிறுவனத்தின் வலையமைப்புக் கணிமை முறைமையில் தோன்றின. பின்னர் திறந்த மென்பொருள் அறக்கட்டளையின் பரவற் கணிமைச் சூழலில் இடம்பெற்றன. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இவற்றை ஜியூஐடி என்னும் பெயரில் பயன்படுத்துகிறது. 2005ஆம் ஆண்டு ஆர்.எஃப்.சி. 4122 என்னும் ஆவணம் இவற்றைச் சீர்தரப்படுத்தியது. 2024 மே மாதம் வெளியான ஆர்.எஃப்.சி. 9562 அதற்கு மாற்றாக அமைந்தது.

அமைப்பு

ஓர் அடையாளம் 128 பிட் நீளமுடையது. இது 32 பதினறும இலக்கங்களாக, நான்கு இணைப்புக்கோடுகளால் ஐந்து பகுதிகளாகப் பிரித்து எழுதப்படும். எடுத்துக்காட்டு:

71834926-5039-4172-8365-904217653082

மூன்றாம் பகுதியின் முதல் இலக்கம் பதிப்பைக் குறிக்கிறது. இங்கு அது 4 ஆகும்.

முக்கிய வகைகள்

பதிப்பு 1: நேரத்தையும் வலையட்டையின் முகவரியையும் கொண்டு உருவாக்கப்படுகிறது. நேரம் 1582 அக்டோபர் 15 முதல், அதாவது கிரெகொரியின் நாட்காட்டி நடைமுறைக்கு வந்த நாள் முதல், 100 நானோநொடி அலகுகளில் கணக்கிடப்படும்.

பதிப்புகள் 3, 5: ஒரு பெயரிலிருந்து கணக்கிடப்படுகின்றன. ஒரே பெயர்வெளியில் அதே பெயரைக் கொடுத்தால் அதே அடையாளமே கிடைக்கும்.

பதிப்பு 4: பதிப்பையும் வகையையும் குறிக்கும் 6 பிட்டுகள் தவிர, எஞ்சிய 122 பிட்டுகளும் சமவாய்ப்பு எண்களால் நிரப்பப்படுகின்றன.

பதிப்பு 7: முதல் 48 பிட்டுகளில் மில்லிநொடி நேரம் இடம்பெறுகிறது. எனவே புதிய அடையாளங்கள் கால வரிசையில் அமைந்து, தரவுத்தளச் சுட்டியில் சேர்ப்பதற்கு எளிதாகின்றன.

லினக்ஸ் கணினியில் தரமான சமவாய்ப்பு எண் மூலம் இருக்குமாயின், யூயூஐடிஜென் இயல்பாகப் பதிப்பு 4 அடையாளத்தையே தரும். தக்க விருப்பத்தேர்வைக் கொடுத்து நேரம் சார்ந்த அடையாளத்தையும் பெறலாம்.

மோதுவதற்கான வாய்ப்பு

பதிப்பு 4இல் ஏறத்தாழ 5.3 × 10³⁶ வெவ்வேறு அடையாளங்கள் இருக்க இயலும். எனினும் மோதலைக் கணிக்க இவ்வெண் மட்டும் போதாது. ஓராண்டில் 365 நாட்கள் இருந்தும், 23 பேர் கூடிய அறையில் இருவருக்கேனும் ஒரே பிறந்தநாள் அமையும் வாய்ப்பு பாதிக்குச் சற்று அதிகம். அதே கணக்கின்படி, ஒரு மோதலேனும் நிகழும் வாய்ப்பு பாதியை எட்டுவதற்கு, நொடிக்கு 100 கோடி அடையாளங்கள் வீதம் சுமார் 86 ஆண்டுகள் உருவாக்க வேண்டும். ஆகவே இந்தத் தனித்தன்மை உறுதிசெய்யப்பட்ட ஒன்றன்று; நடைமுறைக்குப் போதுமான நிகழ்தகவே ஆகும்.

பயன்பாடு

லினக்ஸில் வட்டுப் பிரிவுகளை அடையாளம் காண இவை பெரிதும் பயன்படுகின்றன. வட்டுகள் கண்டறியப்படும் வரிசை மாறினால் அவற்றின் சாதனப் பெயர்களும் மாறக்கூடும். கோப்பு முறைமையின் அடையாளம் மாறாது. தரவுத்தளப் பதிவுகள், மென்பொருள் கூறுகள் போன்றவற்றுக்கும் இவை வழங்கப்படுகின்றன.

கவனிக்க வேண்டியவை

மேற்கண்ட கணக்கு, சமவாய்ப்பு எண்கள் உண்மையிலேயே கணிக்க இயலாதவையாக இருந்தால் மட்டுமே பொருந்தும். எண்ணாக்கிகள் ஒரே தொடக்க நிலையிலிருந்து இயங்கினால், இரு கணினிகள் ஒரே அடையாளங்களைத் தந்துவிடும்.

ஒரு வட்டை அப்படியே நகலெடுத்தால் அதன் அடையாளமும் நகலாகும். ஒரே அடையாளமுடைய இரு எக்ஸ்.எஃப்.எஸ். கோப்பு முறைமைகளை ஒரே நேரத்தில் ஏற்ற முயன்றால், இரண்டாவதை லினக்ஸ் இயல்பாக மறுத்துவிடும். அப்போது நகலுக்குப் புதிய அடையாளம் வழங்க வேண்டும்.

பதிப்பு 1 அடையாளம், அதை உருவாக்கிய கணினியைக் காட்டிக்கொடுக்கக்கூடும். 1999இல் மெலிசா நச்சுநிரலை எழுதியவரைத் தேடியபோது, வேர்ட் ஆவணத்தில் பதிந்திருந்த இத்தகைய அடையாளம் ஆய்வாளர்களுக்குத் துப்பாக அமைந்தது.

தனித்தன்மையும் இரகசியத்தன்மையும் ஒன்றல்ல. நேரம் சார்ந்த அடையாளங்களை ஓரளவு ஊகிக்க இயலும். எனவே ஓர் அடையாளத்தை அறிந்திருப்பதை மட்டுமே அனுமதியாகக் கொண்டு, கடவுச்சொல்லுக்கு மாற்றாக அதைப் பயன்படுத்துவது பாதுகாப்பானதன்று.