நட்புறவுப் போட்டிக்கு ஏன் இத்தனை மெனக்கெடுவது?

போலாரத்தில் நம் தமிழ் அன்பர்கள் சிலர் கூடியிருந்தபோது பெண்கள் கால்பந்து பற்றிப் பேச்சு வந்தது. "உலகக் கோப்பையா, ஒலிம்பிக்கா? வெறும் நட்புறவுப் போட்டி. இதற்காகப் பெண் பிள்ளைகளைத் துருக்கி வரை அனுப்ப வேண்டுமா?" என்றார் ஒரு பெரியவர். அவர் கேட்டதில் தப்பில்லை. பத்திரிகைகளில் யார் ஜெயித்தார்கள் என்று போடுகிறார்களே தவிர, அந்தப் போட்டி எதற்கு என்று எழுதுபவர்கள் குறைவு. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

வேறொரு பெரிய போட்டிக்குத் தகுதிச் சுற்றாக அமையாத ஆட்டமே நட்புறவு ஆட்டம். ஒரே ஓர் ஆட்டத்துக்காக ஓர் அணியைக் கண்டம் தாண்டி அனுப்பினால் செலவு கட்டுப்படியாகாது. ஆகவே நான்கு நாடுகளோ ஆறு நாடுகளோ ஓர் ஊரில் கூடுகின்றன. பத்து நாளுக்குள் ஒவ்வோர் அணிக்கும் இரண்டு மூன்று ஆட்டங்கள் கிடைத்துவிடும். விமானச் செலவோ ஒரு தடவைதான். போர்ச்சுகலில் 1994ல் தொடங்கிய அல்கார்வே கோப்பை இதற்கு நல்ல உதாரணம். குளிர்காலத்தில் ஐரோப்பாவின் வட பகுதியில் மைதானங்கள் உறைந்து கிடக்கும். தென்கோடிக் கடற்கரை ஊர்களில் ஆடலாம். துருக்கியின் அலன்யாவும் அப்படிப்பட்ட ஊர்தான்.

இங்கே ஆடுவது வீண் ஆட்டம் அல்ல. சர்வதேசக் கால்பந்து சம்மேளனத்தின் தரவரிசைக் கணக்கில் இதுவும் சேரும், உலகக் கோப்பை ஆட்டத்தைவிட மதிப்புக் குறைவு என்றாலும். நீண்ட காலம் ஆடாமலே இருந்தால் பட்டியலிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள். இந்தியப் பெண்கள் அணிக்கு 2009ல் அதுதான் நேர்ந்தது. 1980ல் கோழிக்கோட்டிலும் 1983ல் பாங்காக்கிலும் ஆசியாவிலேயே இரண்டாம் இடம் பெற்ற அணி அது! நம் பெண்களுக்குத் திறமை போய்விட்டதா என்ன? ஆட்டம் கொடுக்க ஆளில்லை, அவ்வளவுதான். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

பெரியவர் குறிப்பிட்டது 2024 பிப்ரவரியில் அலன்யாவில் நடந்த துருக்கிய மகளிர் கோப்பையை. இந்தியா, எஸ்டோனியா, ஹாங்காங், கோசோவோ என நான்கு அணிகள். முதல் ஆட்டத்தில் எஸ்டோனியாவை இந்தியா 4-3 என்று வென்றது. ஐரோப்பிய நாடு ஒன்றின் தேசிய அணியை நம் பெண்கள் வென்றது அதுவே முதல் தடவை. மனிஷா கல்யாண் இரண்டு கோல், பியாரி சாசா ஒன்று. இன்னொன்றை அடித்தவர் நம் கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன். தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். (பந்து விளையாடினால் சோறு போடுமா என்று கேட்பவர்கள் கவனிக்கவும்.) ஹாங்காங்கை 2-0 என்று வென்றதில் ஒரு கோல் சௌம்யா குகுலோத் அடித்தது. அவர் நமக்கு அக்கம்பக்கம்தான், நிஜாமாபாத்காரர். கடைசியில் கோசோவோவிடம் 0-1 என்று தோற்று இந்தியா இரண்டாம் இடம் பெற்றது.

தோற்பதற்கும் போக வேண்டும் என்பேன். 2021 நவம்பரில் பிரேசிலின் மனௌஸ் நகரில் நான்கு நாடுகள் ஆடின. பிரேசிலிடம் 1-6, சிலியிடம் 0-3, வெனிசுவேலாவிடம் 1-2. மூன்றும் தோல்வி. ஆனால் பிரேசில் வலைக்குள் மனிஷா போட்ட அந்த ஒரு கோலை யார் மறப்பார்கள்? அந்த வேகத்தையும் உடல் பலத்தையும் உள்ளூரில் எந்தப் பயிற்சியாளரும் காட்டித் தர முடியாது. பள்ளிக்கூட அளவிலும் இதே கணக்குதான். செகந்திராபாத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி அதே இரண்டு பள்ளிகளோடு ஆடும் பெண், வெளியூர் அணியைப் பார்த்ததும் திகைத்து நிற்பாள். அடுத்த மாவட்டத்தில் நட்புறவு ஆட்டம் என்று அனுமதிச் சீட்டு வந்தால், "பரீட்சை நெருங்குகிறதே" என்று உடனே மறுத்துவிடாமல் கொஞ்சம் யோசியுங்கள்.

2025 பிப்ரவரியில் ஷார்ஜாவில் நடந்த பிங்க் லேடீஸ் கோப்பையில் ஜோர்டானை 2-0 என்று வென்ற இந்தியா, ரஷ்யாவிடமும் தென்கொரியாவிடமும் தோற்றது. ஐந்து மாதம் கழித்து, ஜூலை 5 அன்று, தாய்லாந்தின் சியாங் மாயில் தாய்லாந்தையே 2-1 என்று வென்று 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. இரண்டு கோலும் சங்கீதா பாஸ்போர் அடித்தவை.