வாடகை வண்டிக்கு மூன்று வாசல்

கரிசல் காட்டு ஊர்களில் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு, மணிக்கணக்கில் வாடகைக்கு விட்ட ‘அவர் சைக்கிள்’ மறந்திருக்காது. கடை நோட்டில் பேரையும் நேரத்தையும் எழுதிவிட்டு எடுத்துப் போகலாம். தெரிந்த முகம் என்பதே ஜாமீன்.

அதே தொழில் இன்று செல்போனுக்குள் புகுந்துவிட்டது. ஆனால், வண்டி தெருவுக்கு வர மூன்று வாசல்களைத் தாண்ட வேண்டும்.

முதல் வாசல் டெல்லி. எது மோட்டார் வண்டி என்று மத்திய அரசின் சட்டமும் விதிகளும்தான் சொல்கின்றன. மோட்டார் திறன் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருந்தால், அந்தச் சின்ன மின்வண்டிக்குப் பதிவெண்ணும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம். பெங்களூரில் ஓடும் யூலு நிறுவனத்தின் வாடகை வண்டிகள் இந்த ரகம். பெரிய வண்டியை வாடகைக்கு விடுவதென்றால் 1997ஆம் ஆண்டின் வாடகை மோட்டார் சைக்கிள் திட்டப்படி உரிமம் வாங்க வேண்டும்.

இரண்டாவது, மாநில அரசு. சிக்கல் அதிகம் இங்கேதான். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பின்னால் உட்கார்ந்து போகும் பைக் டாக்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 93ஆவது பிரிவுப்படி, இதை நடத்தும் ஆப் நிறுவனத்துக்கு உரிமம் தருவது மாநிலம். கர்நாடகத்தில் அப்போது அதற்கு விதிமுறை வகுக்கப்பட்டிருக்கவில்லை. வகுக்கும்வரை ஓட்டக் கூடாது என்று 2025 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஜூனில் வண்டிகள் நின்றன. ஜூலை 1 அன்று மத்திய அரசு புதிய வழிகாட்டுதலை வெளியிட்டது: சொந்த உபயோகத்துக்குப் பதிவான பைக்குகளையும் மாநிலங்கள் அனுமதிக்கலாம். ‘அனுமதிக்கலாம்’ என்றுதான் சொன்னது. முடிவை மாநிலங்களிடமே விட்டுவிட்டது.

மூன்றாவது, உள்ளாட்சி. வண்டியை எங்கே நிறுத்துவது? அரசியல் சாசனத்தின் 12ஆவது அட்டவணையில் நகராட்சிகளின் பொறுப்புகளில் வாகன நிறுத்துமிடமும் ஒன்று. சென்னையில் 2019இல் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் வந்த வாடகை சைக்கிள்களுக்கு நிலையங்கள் ஒதுக்கப்பட்டன.

இந்த மூன்றாவது வாசலை லேசாக நினைக்க வேண்டாம். பாரிஸ் நகரம் 2023 ஏப்ரலில் மக்களிடம் வாக்கெடுத்தது. வாக்களித்தவர்களில் 89 சதவீதம் பேர் வாடகை மின் ஸ்கூட்டர் வேண்டாம் என்றார்கள். செப்டம்பரில் அவை தெருவை விட்டுப் போயின.

நாளை கோவில்பட்டிக்கோ நாகலாபுரத்துக்கோ இப்படியொரு வண்டி வந்தால், டெல்லியும் சென்னையும் தங்கள் பங்கை எழுதி முடித்திருக்கும். எந்த ஓரத்தில் நிறுத்துவது, யார் வழியை மறிக்கக் கூடாது என்பதை ஊர்க்காரர்கள் நகராட்சியிலோ கிராம சபையிலோ முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது.