கிரீன் கார்டு: 21 வயதுக் கணக்கில் எந்தத் தாமதம் கழியும்?

2025 ஆகஸ்ட் 15 முதல் மாறிய அமெரிக்க கிரீன் கார்டு விதி குறித்து வரும் கடிதங்கள் அனைத்திலும் ஒரே கவலை: 21 வயதை நெருங்கும் பிள்ளைக்குப் பெற்றோரோடு சேர்ந்து நிரந்தர வசிப்புரிமை கிடைக்குமா? ஐ-140 என்பது பெரும்பாலும் ஊழியருக்காக நிறுவனம் கொடுக்கும் குடியேற்ற மனு; முன்னுரிமைத் தேதி என்பது விசா வரிசையில் இடத்தைத் தீர்மானிக்கும் நாள். இனி நேராக வயதுக் கணக்குக்கு வருவோம். விசா கிடைக்கும் நிலை வந்த நாளில் பிள்ளைக்கு உள்ள வயதிலிருந்து, ஐ-140 மனு பரிசீலனையில் கிடந்த நாட்களைக் கழிக்கச் சொல்கிறது 2002ஆம் ஆண்டுச் சட்டம். மனு 200 நாள் கிடந்திருந்தால், 21 வயதும் 6 மாதமும் ஆன பிள்ளைகூட வரம்புக்குள் வந்துவிடும். கூடுதல் கட்டணம் கட்டி, பிரீமியம் முறையில் 15 வேலை நாட்களில் மனுவை முடித்த குடும்பத்துக்கோ மூன்று வாரம்தான் கழியும். அவசரப்பட்டதற்குப் பிள்ளையின் வயதில் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. இதைவிடக் கொடுமை, உண்மையான தாமதம் கணக்கிலேயே வராதது. வேலைவாய்ப்புப் பிரிவில் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 விசா, ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற வரம்பால், இபி-2 எனும் உயர்பட்டதாரிப் பிரிவில் இந்தியாவில் பிறந்தோருக்கான வரிசை 2025 ஆகஸ்டிலும் 2013இன் தொடக்கத்திலேயே நின்றது. மனு முடிந்தபின் அந்தப் பன்னிரண்டு ஆண்டு வரிசையில் கழிந்த காலத்தில் ஒரு நாளைக்கூடச் சட்டம் கழிப்பதில்லை.

அதனால்தான் வயது எந்த நாளில் நிற்கிறது என்பது இவ்வளவு முக்கியமாகிறது. மாதாந்தர விசா புல்லட்டினில் இரண்டு அட்டவணைகள் உண்டு: இறுதி முடிவுக்கானது ஒன்று, விண்ணப்பம் கொடுப்பதற்கானது மற்றொன்று. இரண்டாவது பெரும்பாலும் முன்னால் ஓடும். அமெரிக்கக் குடியுரிமை, குடியேற்றச் சேவைத் துறை அதன்படி விண்ணப்பம் வாங்கும் மாதங்களில், அதை வைத்தே வயதைக் கணக்கிடலாம் என்று 2023 பிப்ரவரியில் வந்த சலுகை இந்த மாற்றத்தோடு போய்விட்டது. வெளிநாட்டுத் தூதரகங்களில் விண்ணப்பிப்போருக்கும் அமெரிக்காவில் இருப்போருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்பது துறையின் விளக்கம். சமத்துவம்தான் நோக்கமென்றால், சலுகையைத் தூதரகங்களுக்கும் நீட்டியிருக்கலாமே? இறுதி அட்டவணைப்படிதானே விசா உண்மையில் கைக்கு வருகிறது என்ற வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் விசா உடனடியாகக் கிடைக்கும் நிலையில்தான் விண்ணப்பத்தையே வாங்க வேண்டும் என்பதும் சட்டம். இரண்டாவது அட்டவணைப்படி விண்ணப்பத்தையும் கட்டணத்தையும் வாங்கும் துறை, அதே நாளில் பிள்ளையின் வயதைக் கணக்கிட மட்டும் விசா கிடைக்கவில்லை என்கிறது. இந்த முரணுக்குத் துறையின் விளக்கத்தில் பதில் இல்லை.

கடிதங்களில் வந்த மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமான பதில்கள்:

2025 ஆகஸ்ட் 15க்கு முன் கொடுத்த விண்ணப்பங்களுக்கு? பழைய கணக்குதான்.

பிள்ளைக்குத் திருமணமாகிவிட்டால்? வயதுக் கழிவு இல்லை.

கணவனோ மனைவியோ வேறு நாட்டில் பிறந்திருந்தால்? அந்த நாட்டின் வரிசையில் சேரலாம்.

பிள்ளை இந்தியாவுக்கு வெளியே பிறந்தது உதவுமா? உதவாது, பெற்றோர் பிறந்த நாடுதான் கணக்கு.

கழிவுக்குப் பின்னும் 21 தாண்டினால்? பெற்றோரைச் சார்ந்த எச்-4 விசா 21இலேயே முடிந்துவிடும் என்பதால், மாணவர் விசா போன்ற வேறு வழியை அதற்கு முன்பே தேட வேண்டும்.